புதைத்து வைத்த சாராயமும் பரணில் வைத்த கருப்பட்டியும்

சாயர்புரத்திலிருந்து ஒரு கடிதம். எழுதியவர் தன் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்றரை ஏக்கர் பனை விளை வைத்திருப்பவர். ஆவணியில் மகனுக்குக் கல்யாணம். வருகிற உறவுக்காரர்களுக்கு ஆகும் என்று அவருடைய மைத்துனர் மாசி மாதம் எங்கேயோ சொல்லிவைத்து இரண்டு கேன் நாட்டுச் சாராயம் வாங்கிவந்து, விளையில் தேரி மணலில் இடுப்பளவு குழி தோண்டிப் புதைத்துவிட்டார். ஆறு மாதம் மண்ணுக்குள் கிடந்தால் காரம் அடங்கி ருசி கூடும், கெடுதல் ஏதாவது இருந்தாலும் முறிந்துவிடும் என்பது மைத்துனரின் கணக்கு. வாசகரின் தாத்தா கொழும்பில் வேலை பார்த்தவர். அங்கே சாராயத்தை மரத்தொட்டியில் வருஷக்கணக்கில் போட்டு வைத்துத்தான் விற்பார்கள் என்று அவரும் சொல்லியிருக்கிறார். இதில் எது உண்மை, கல்யாணத்துக்கு எடுக்கலாமா என்பது கேள்வி. அதே தாளின் அடியில் அவருடைய மனைவி இன்னொன்று கேட்டிருக்கிறார்: பரணில் ஓலைப்பெட்டி நிறைய இரண்டு வருஷத்துக் கருப்பட்டி இருக்கிறது, பலகாரத்துக்கு ஆகுமா?

முதலில் கேன். அதை எடுக்கக் கூடாது. யாரும் ஒரு சொட்டு ருசி பார்க்கவும் கூடாது. தாத்தா சொன்னது உண்மை. மைத்துனர் சொன்னதில் ருசியைப் பற்றிய பேச்சு கால்வாசி உண்மை. கெடுதல் முறிந்துவிடும் என்ற பேச்சு மட்டும் ஆளைக் கொல்லக்கூடிய பொய்.

நாட்டுச் சாராயத்தில் சாவு எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சர்க்கரை புளித்து உண்டாகும் சாராயச் சத்தின் பெயர் எத்தனால். அதற்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொன்று உண்டு, மெத்தனால். பெயின்ட், வார்னிஷ், பசை, ரசாயனத் தொழிற்சாலைகளில் பயன்படுவது. பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். வாசனையிலும் நாக்கிலும் எத்தனாலிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. பழத்தோல், பழச்சக்கையில் உள்ள பெக்டின் புளிக்கும்போது கொஞ்சம் மெத்தனால் தானாகவே உண்டாகும். ஆனால் கருப்பட்டி, வெல்லம், பதநீர் போன்றவை புளிக்கும்போது அது மிகக் குறைவு. அப்படியானால் ஊர் ஊராகச் சாகிறார்களே, எப்படி? விற்கிறவர்கள் தொழிற்சாலை மெத்தனாலை விலை குறைவு என்று வாங்கிக் கலக்கிறார்கள். சில இடங்களில் காய்ச்சுவதே இல்லை. மெத்தனாலில் தண்ணீரை ஊற்றிச் சாராயம் என்று விற்றுவிடுகிறார்கள். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக 20 பேருக்கு மேல் இறந்தது இப்படித்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் இறந்ததும் இப்படித்தான். பெரும்பாலும் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள்.

இந்த மெத்தனால் மண்ணுக்குள் ஆறு மாதம் கிடந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. மூடிய கேனுக்குள் அது அப்படியே இருக்கும். ஆறு வருஷம் வைத்தாலும் அதேதான். பாலைப் போலத் திரிந்து கெட்டுப்போகிற பொருளோ, நாள் பட்டால் வீரியம் குறைகிற பூச்சிமருந்தோ இல்லை அது. 'முறிந்துவிடும்' என்ற சொல்லை நம் ஊரில் விஷக்கடிக்குச் சொல்லிப் பழகிவிட்டோம். அதைக் கொண்டுபோய் இங்கே ஒட்டுவதால் வருகிற வினை இது.

மூடியைத் திறந்துவைத்து ஆவியாக விட்டால் போய்விடாதா என்று சிலர் கேட்பார்கள். மெத்தனால் 64.7 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், எத்தனால் 78.4 டிகிரியில், தண்ணீர் 100-ல். எண்களைப் பார்த்தால் மெத்தனால் தனியாக முதலில் ஓடிவிடும் என்று தோன்றும். ஆனால் இந்த மூன்றும் ஒன்றோடொன்று முழுவதும் கலந்துவிடுகிற திரவங்கள். கலந்தபின் ஒன்று மட்டும் கழன்று போவதில்லை. காய்ச்சுகிறவர் 'முதல் சொட்டைக் கொட்டிவிட்டேன், இனி பயமில்லை' என்று சொல்வதும் இதனால்தான் செல்லாது. முதலில் வடிவதில் மூக்கைக் குத்துகிற சில பொருள்கள் அதிகம் இருக்கும், அதைக் கொட்டினால் நாற்றம் குறையும். மெத்தனாலோ தொடக்கம் முதல் கடைசி வரை பரவித்தான் வரும். நெருப்பு வைத்து நீலமாக எரிகிறதா என்று பார்க்கிற சோதனையையும் நம்ப வேண்டாம். எத்தனாலும் நீலமாகத்தான் எரியும்.

இன்னும் ஒரு பேச்சு உண்டு. 'அவன் நேற்றே இதில் ஒரு டம்ளர் குடித்தான், நன்றாகத்தானே நடமாடுகிறான்.' இதுதான் பலரை ஏமாற்றுகிறது. குடித்த உடனே மெத்தனால் எதையும் காட்டாது. கல்லீரல் அதைப் பார்மால்டிஹைடாகவும், பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றும்போதுதான் கேடு தொடங்குகிறது. அதற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். கூடவே எத்தனாலும் உள்ளே போயிருந்தால், கல்லீரல் முதலில் அதைத்தான் கவனிக்கும். மெத்தனாலின் வேலை இன்னும் தள்ளிப்போகும். ஆகவே நேற்றுக் குடித்தவர் இன்று காலையில் நன்றாக இருப்பது எதற்கும் சாட்சி ஆகாது. 10 மில்லி மெத்தனால் கண்ணைப் பறிக்கப் போதும், 30 மில்லி உயிரை எடுத்துவிடலாம். வயிற்றுவலி, வாந்தி, தலைவலி, மூச்சு வாங்குதல், கண் முன்னால் பனி படர்ந்த மாதிரி மங்குதல் இவற்றில் எது தெரிந்தாலும் 108-க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும். என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லவும். நேரத்தோடு போனால் மாற்று மருந்தும், ரத்தச் சுத்திகரிப்பும் உயிரையும் கண்ணையும் காப்பாற்றும். மோர், எலுமிச்சை, உப்புத்தண்ணீர் என்று வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்.

கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டுச் சாராயம் ஊருக்குள் வருவது பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக் கேனில். அந்தக் கேனில் முன்பு என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பூச்சிமருந்து, களைக்கொல்லி டப்பாக்களை மூன்று முறை அலசி, ஓட்டை போட்டுவிட வேண்டும், திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்லப்படுகிறது. பல மருந்துகள் தண்ணீரில் கரைவதைவிடச் சாராயத்தில் நன்றாகக் கரையும். தண்ணீரில் கழுவியபோது போகாமல் சுவரில் ஒட்டியிருந்தது, ஆறு மாதச் சாராயத்தில் மெல்ல இறங்கிவிடும். அந்த வகையில் பார்த்தால், கிடக்கக் கிடக்கக் கெடுதல் கூடத்தான் செய்யும்.

இனி தாத்தாவின் கொழும்புக் கதை. இலங்கையில் தென்னங்கள்ளை வடித்து எடுக்கிற சாராயத்தை ஹல்மில்ல என்ற மரத்தில் செய்த பெரிய தொட்டிகளில் நிரப்பி வைப்பது பழைய வழக்கம். திருகோணமலைப் பக்கம் கிடைத்ததால் மர வியாபாரத்தில் அதைத் திருகோணமலை மரம் என்றே சொல்வார்கள். சில வகைகளைப் பல வருஷம் தொட்டியில் வைத்தபிறகே புட்டியில் அடைக்கிறார்கள். அங்கே ருசி மாறுவது நிஜம். மரத்திலிருந்து கொஞ்சம் மணமும் துவர்ப்பும் இறங்குகிறது. மரத்தின் நுண்துளை வழியாகக் காற்று மெல்ல உள்ளே போகிறது. சாராயத்தில் உள்ள அமிலங்களும் எத்தனாலும் சேர்ந்து பழவாசனை தருகிற எஸ்டர்கள் உருவாகின்றன. புதிதாக வடித்ததில் தொண்டையை அறுக்கிற அசிட்டால்டிஹைடு போன்றவை கொஞ்சம் பறந்துபோகும், கொஞ்சம் வேறொன்றாக மாறும். சும்மா கிடப்பதால் மட்டும் இவ்வளவும் நடந்துவிடாது. மரமும் காற்றும் காலமும் சேர்ந்து செய்கிற வேலை. கூலியாகத் தொட்டியில் அளவும் குறையும். குளிர்நாடான ஸ்காட்லாந்திலேயே பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிவிடும் என்பது கணக்கு. நம் வெயிலில் அதைவிட எவ்வளவோ அதிகம்.

மரமே இல்லாமல், நிறம் மாறாமல் தெளிவாகவே வைத்து ஆறவிடுகிற வழக்கமும் உலகத்தில் உண்டு. வாசகரின் கேள்விக்கு நெருக்கமானது இதுதான். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் திராட்சைச் சாராயமான பிஸ்கோவைக் கண்ணாடி, எஃகு மாதிரி எதையும் சேர்க்காத பாத்திரத்தில் குறைந்தது 3 மாதம் ஆறவைத்தபிறகுதான் விற்கலாம் என்பது அங்கே விதி. ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் அரிசியில் வடிக்கிற அவாமோரியை மண்சாடியில் வைப்பார்கள். 3 வருஷமாவது ஆனால்தான் அதற்குப் 'பழையது' என்ற பெயர் கிடைக்கும். தலைமுறை தலைமுறையாக வீடுகளில் காத்துவந்த நூறு வருஷத்துச் சாடிகள் 1945-ல் நடந்த சண்டையில் உடைந்தே போயின. நம் நாட்டிலேயே கோவாவில் முந்திரிப்பழத்திலிருந்து வடிக்கும் ஃபெனி இருக்கிறது, 2009-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் வைப்பார்கள். ஒருமுறை மட்டும் வடித்த உர்ராக்கை வைத்திருக்க மாட்டார்கள், அந்தப் பருவத்திலேயே தீர்த்துவிடுவார்கள். கிடைக்கு எது தாங்கும், எது தாங்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கண்ணாடியில் மாற்றம் குறைவு. சில வாரங்களில் புதுச்சரக்கின் கந்தக வாடையும் எரிச்சலும் கொஞ்சம் தணியும். தண்ணீர் சேர்த்து அளவைக் குறைத்த சாராயம் நிதானப்படவும் சில நாள் ஆகும். எத்தனாலும் தண்ணீரும் கலந்தால் சூடு வரும், அளவுகூடச் சுருங்கும். 50 மில்லியோடு 50 மில்லி சேர்த்தால் 100 வராது, 96, 97 தான் வரும். இதற்குமேல் கண்ணாடிக்குள் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் கேனில் நல்ல பக்க மாற்றம் எதுவும் இல்லை.

இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் ஒன்று பொது. உரிமம் வாங்கியவர் வடிக்கிறார், ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிறார்கள், அதன்பிறகுதான் ஆறவைக்கிறார்கள். நல்ல சரக்கு கொஞ்சம் இன்னும் நன்றாகும். கெட்ட சரக்கு ஆறவைத்தால் கெட்ட சரக்காகவே இருக்கும். அதன் காரம் மட்டும் தணிந்து சுலபமாக இறங்கினால், அது இன்னும் ஆபத்து.

மைத்துனரின் மணல் குழிக்கு வருவோம். தேரி மணல் மேலே கால் வைக்க முடியாமல் கொதிக்கும். நாலடி கீழே போனால் வெப்பம் பெரிதாக ஏறி இறங்காது. சாராயம் பக்குவப்பட வேண்டுமானால் சூடும் குளிரும் மாறிமாறி வர வேண்டும், காற்று கொஞ்சம் தொட வேண்டும். இறுக மூடிய கேனைக் குழிக்குள் வைப்பது, இருந்ததை இருந்தபடியே பாதுகாக்கிற வேலை. உண்மையில் நம் பக்கம் சாராயத்தைப் புதைத்தது ருசிக்காக அல்ல, போலீஸுக்குப் பயந்து. ஓடையில், விளையில், வாய்க்கால் கரையில் ஊறல் பானை புதைந்து கிடந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒளித்து வைத்ததற்குப் பின்னால் ருசி என்று ஒரு காரணம் ஒட்டிக்கொண்டது.

'பட்டைச் சாராயத்தில் வேலம்பட்டை இருக்கிறதே, மரத்தொட்டி செய்வதை அது செய்யாதா' என்றும் யாராவது கேட்கலாம். பட்டை போடுவது ஊறலில், காய்ச்சுவதற்கு முன்னால். பட்டையின் துவர்ப்புச் சத்து ஆவியாகிற பொருள் அல்ல. காய்ச்சும்போது அது பானையிலேயே தங்கிவிடும், வடிவதோடு வராது. மரத்தொட்டியோ வடித்தபின் வேலை செய்வது. இரண்டும் வேறு.

சட்டம் தெரிந்ததுதான். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளும் சாராயமும் தடை. காய்ச்சுவது, விற்பது, வாங்கி வைத்திருப்பது எல்லாமே குற்றம். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024-ல் சட்டத்தைத் திருத்தி, சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் சிறை வரை தண்டனை என்று கடுமையாக்கியிருக்கிறார்கள். பனையேறி கள் இறக்கலாமா கூடாதா என்ற வழக்கு நம் மாவட்டத்தில் நெடுநாளாகப் பேசப்படுவது. அதில் பனையேறிகள் பக்கம் நியாயம் நிறைய உண்டு. ஆனால் அந்த நியாயத்துக்கும், யாரோ விற்ற பெயர் தெரியாத கேனுக்கும் சம்பந்தமில்லை.

வாசகர் செய்ய வேண்டியது: கேனை யாரும் தோண்டித் திறக்காதபடி பார்த்துக்கொள்ளவும். கல்யாண வீட்டில் இளவட்டங்கள் கூடுகிற நேரம், விஷயம் கசிந்தால் ராவோடு ராவாகத் தோண்டிவிடுவார்கள். கிணற்றிலோ ஓடையிலோ கொட்டவும் வேண்டாம். ஆடு மாடு குடிக்கிற இடம் அது. காவல் நிலையத்துக்கோ மதுவிலக்கு அமலாக்கப் பிரிவுக்கோ தகவல் சொல்வதுதான் முறை. மைத்துனர் மேல் வழக்கு வந்துவிடுமோ என்ற பயம் இயல்பானது. தூத்துக்குடியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகச் சட்ட ஆலோசனை கேட்டுக்கொண்டு அடுத்த அடி வைக்கலாம். அதே ஆளிடம் வேறு எத்தனை வீடுகள் வாங்கியிருக்கின்றனவோ, அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி பரண். அந்த அம்மா கேட்டதற்கு மகிழ்ச்சியாகப் பதில் சொல்லலாம்.

கருப்பட்டி நாள்பட்டால் நன்றாவது உண்டு. ஆனால் இங்கேயும் தொடக்கம் சரியாக இருந்திருக்க வேண்டும். கலயத்தில் போதிய சுண்ணாம்பு தடவி, பதநீர் புளிக்காமல் இறக்கி, அன்றைக்கே விடிலியில் காய்ச்சி, பதம் தப்பாமல் சிரட்டையில் ஊற்றியதாக இருந்தால் அது வருஷக்கணக்கில் தாங்கும். உள்ளிருக்கும் ஈரம் மெல்லக் குறையும், நிறம் கருக்கும், புதுக்கருப்பட்டியில் இருக்கிற ஒருவிதப் பச்சை வாடை அடங்கும். அடுப்படிப் பரணில் இருந்தால் புகையும் சேர்ந்து பூச்சி அண்டாது. வைத்தியத்துக்குப் பழைய கருப்பட்டிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு.

சுண்ணாம்பு குறைந்து பதநீர் கொஞ்சம் புளித்திருந்தால் கதை வேறு. புளிப்பு, சர்க்கரையைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று உடைத்துவிடும். அவை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அந்தக் கருப்பட்டி ஐப்பசி, கார்த்திகை மழையில் இளகும், பெட்டி அடியில் கசியும், பூஞ்சணம் பிடிக்கும். பரணில் எத்தனை வருஷம் வைத்தாலும் அது தேறாது. சுண்ணாம்பு கூடிப்போய் நன்றாகத் தெளிய வைக்காமல் காய்ச்சியதில் ஒரு காறல் இருக்கும். அதுவும் நாள்பட்டால் போகாது.

ஆகவே பெட்டியை இறக்கி ஒவ்வொரு வட்டாகப் பார்க்கவும். தட்டினால் கல்லுபோலச் சத்தம் வந்து, உடைத்தால் உள்ளே காய்ந்து, மோந்தால் புளிப்பு இல்லாமல் இருப்பது நல்லது. பிசுபிசுப்பானதைத் தனியே வைக்கவும். பூஞ்சணம் கண்டதைச் சுரண்டி எடுத்துப் பயன்படுத்த வேண்டாம், எருக்குழிக்குப் போகட்டும். நல்லதாகத் தேறியதையும் பொடித்து, தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டியபிறகே பாகு வைக்கவும். சுண்ணாம்பு வண்டலும் ஓலைத் துணுக்கும் அடியில் தங்கும்.

பாகைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சர்க்கரை உடைந்த கருப்பட்டியில் பாகு பிடிக்காது. முந்திரிக்கொத்து உருட்டினால் உதிரும், அதிரசம் எண்ணெயில் பிரியும். அரைப்படி மாவுக்கு மட்டும் ஒரு நாள் முன்னதாகச் செய்து பார்க்கவும். பதம் சரியாக நின்றால் பெட்டி முழுவதையும் எடுக்கலாம். நிற்கவில்லை என்றால் பழையதில் பாதியும் இந்தப் பருவத்துப் புதியதில் பாதியுமாகக் கலந்து மறுபடி பார்க்கவும். சுக்குக்காப்பிக்கு என்றால் பாகு பார்க்கத் தேவையே இல்லை. கல்யாண வீட்டில் விடிய விடிய அடுப்பில் கிடக்கிற சுக்குக்காப்பிக்கு இரண்டு வருஷத்துக் கருப்பட்டியைவிட நல்லது கிடைக்காது.

இந்தப் பருவத்துக் கருப்பட்டியில் விற்றது போக மீதி இருந்தால், நன்றாகக் காய்ந்தபின் புது ஓலைக் கொட்டானில் அடுக்கி, தரையில் வைக்காமல், சுவரை ஒட்டாமல், புரட்டாசிக்குள் பரணில் ஏற்றிவிடவும். பருவத்தில் மலிவாகப் போவது, மழைக்காலத்தில் நல்ல விலைக்குப் போகும்.